ஸ்வீப் பிக்கிங்: கொலுசைக் கொட்டிய சத்தம் வராமல் பழகுவது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. கிட்டாரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்வீப் பிக்கிங் என்னும் கிட்டார் வாசிப்பு முறையை நான் பழகத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் பெருமையாக அவன் முன்னால் உட்கார்ந்து, ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) நன்றாகத் திருகிவிட்டு, ஐந்து தந்தி ஆர்பெஜியோ ஒன்றை மேலும் கீழும் நாலு தடவை வாரி அடித்துக் காட்டினேன். அவன் தட்டுவடை செட்டை மென்றுகொண்டே சொன்னான்: "ஏண்டா, டப்பாவுல இருந்து கொலுசைக் கொட்டுன மாதிரி இருக்குது."

கோபம்தான் வந்தது. அன்றிரவு போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது அப்படியே உண்மை. வேகம் இருந்தது, சுரம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். மறுநாள் அவனிடமே கேட்டேன், நல்ல கொலுசு எப்படிக் கேட்க வேண்டும் என்று. நடக்கும்போது ஒவ்வொரு முத்தும் தனித்தனியாகக் கேட்கணும், ஆனால் எண்ண முடியக் கூடாது என்றான். ஸ்வீப் பிக்கிங்குக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கீழே உள்ளதெல்லாம் அந்த எட்டு மாதத்தை நான் எப்படி வீணாக்கினேன், அப்புறம் எப்படி முதலிலிருந்து தொடங்கினேன் என்பதிலிருந்து வந்தவை.

ஸ்வீப் என்றால் என்ன

கார்டு என்னும் சுரக்கூட்டம் ஒன்றின் சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தால் அது ஆர்பெஜியோ. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் கிட்டார் செய்வது அதுதான். அங்கே விரல்கள் நிதானமாகத் தந்தியைப் பிரிக்கின்றன. அதையே பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) கொண்டு, தந்திக்கு ஒரு சுரம் என்று வைத்து, கை ஒரே திசையில் நிற்காமல் போகும்படி வாசித்தால் அது ஸ்வீப். வழக்கமான வாசிப்பில் பிக் கீழே, மேலே, கீழே, மேலே என்று மாறி மாறிப் போகும். தந்திக்கு ஒரு சுரம்தான் என்னும்போது அப்படி மாற்றுவது வீண் வேலை. தரையைத் துடைப்பத்தால் ஒரே இழுப்பில் கூட்டுவது போல ஒரே போக்கில் போய்விடலாம். பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கார்டு அடிக்கும்போதும் கை இதே போல்தான் ஒரே இழுப்பில் போகும். அப்படியானால் ஸ்வீப்புக்கும் கார்டுக்கும் வித்தியாசம் எங்கே? வலது கையில் கிட்டத்தட்ட இல்லை. இடது கையில் இருக்கிறது. ஒரு சுரம் பிறந்ததும் அதற்கு முந்தைய சுரம் செத்திருக்க வேண்டும். அதைச் சாகடிப்பது இடது கையின் வேலை. பெரும்பாலானவர்கள் ஆறு மாதம் வலது கையின் வேகத்துக்குச் செலவழித்துவிட்டு, இடது கையை யோசிப்பதே இல்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

கையில் என்ன வேண்டும்

எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தால் நல்லது. அகூஸ்டிக்கில் முடியாது என்றில்லை. ஆனால் நாம் பெரும்பாலும் வாசிக்கப்போவது 12வது பிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கு) மேலே. அங்கே பெரும்பாலான அகூஸ்டிக்குகளில் தந்தி உயரமாக நிற்கும், கையும் உடம்புக்கட்டையில் இடிக்கும். அகூஸ்டிக் மட்டும்தான் உண்டு என்றால் இதே வடிவங்களை ஐந்தாறு பிரெட் கீழே இறக்கிப் பழகலாம். சுருதி மாறும், கை கற்றுக்கொள்வது மாறாது.

பிக் தடிமனாக இருக்கட்டும். 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 1.5 வரை போகலாம். மெல்லிய பிக் ஒவ்வொரு தந்தியிலும் வளைந்து, நிமிர்ந்து, அப்புறம்தான் அடுத்ததுக்குப் போகும். அந்த நெளிவில் தாளம் போய்விடும். நான் டன்லப் ஜாஸ் 3 வைத்திருக்கிறேன், சின்னது, கூர்மையானது. தந்தி 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய செட் போதும். சேலத்து வெயிலில் கை வியர்க்கும், ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனி ஈரம். இரண்டுமே தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த தந்தியில் பிக் வழுக்காது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்தியைத் துடைத்துவிடுங்கள்.

கடைகளில் கிட்டார் கழுத்தில் மாட்டும் துணிப்பட்டை என்று ஒன்று விற்கிறார்கள், திறந்த தந்திகள் தானாக அதிராமல் இருக்க. வீட்டில் யாராவது ஜடைக்குப் போடும் துணி சுற்றிய ரப்பர் பேண்ட் அதே வேலையைச் செய்யும். ஆனால் பழகும்போது அதைப் போடாதீர்கள். அது உங்கள் தப்பை மறைக்கும். பதிவு செய்யும்போது போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. கார்டு மாற்றும்போது இன்னும் தடுமாறுகிறவர்கள், மேஜர் ஸ்கேலை மெட்ரோநோமோடு (சீராகத் தாளம் தட்டும் கருவி) ஒழுங்காக வாசிக்க முடியாதவர்கள் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது.

வலது கை: அடிக்காதீர்கள், விழ விடுங்கள்

தந்திகளின் எண்ணை முதலில் சரிசெய்துகொள்வோம். தரைக்குப் பக்கத்தில் இருக்கும் மிக மெல்லிய தந்தி முதல் தந்தி. அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு போனால் தடித்தது ஆறாவது. கீழ்நோக்கி என்று சொன்னால் தரையை நோக்கி, அதாவது தடித்ததிலிருந்து மெல்லியதுக்கு.

இடது கையை எடுத்துவிட்டு, தந்திகள் மேல் ஒரு கைக்குட்டையைச் சொருகி அமைதியாக்குங்கள். பிக்கை மூன்றாவது தந்தியில் வைத்து மெதுவாகக் கீழே தள்ளுங்கள். 'டக்' என்று ஒலித்ததும் பிக் காற்றில் போகக் கூடாது. இரண்டாவது தந்தியின் மேல் விழுந்து அதில் சாய்ந்து நிற்க வேண்டும். அங்கே ஒரு கணம் நில்லுங்கள். மறுபடி தள்ளுங்கள், முதல் தந்தியின் மேல் விழும். மறுபடி தள்ளுங்கள். மூன்று 'டக்'. மணிக்கட்டு மூன்று தடவை அசைந்திருந்தால் அது தப்பு, ஒரே இறக்கமாக இறங்கியிருக்க வேண்டும். இடையில் நின்றது தந்தி தடுத்ததால் மட்டுமே.

பிக்கை நேர்க்குத்தாகப் பிடித்தால் ஒவ்வொரு தந்தியிலும் மாட்டும். கீழ்நோக்கிப் போகும்போது நீங்கள் பிடித்திருக்கும் பகுதி தரையைப் பார்த்துச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும், நுனி பின்னால் இழுபட்டு வரும். மேல்நோக்கி வரும்போது சாய்வும் எதிர்ப்பக்கமாக மாற வேண்டும். இதற்குக் கைக்குப் பெரிய அசைவு வேண்டாம், கட்டைவிரலை லேசாக மடக்கி நீட்டினால் போதும்.

இந்தப் பயிற்சியை இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இடது கை: இங்கேதான் எல்லாம்

இப்போது முதல் வடிவம். ஏ மைனர், மூன்றே தந்தி.

மூன்றாவது தந்தி, 14வது பிரெட், மோதிர விரல்.
இரண்டாவது தந்தி, 13வது பிரெட், நடுவிரல்.
முதல் தந்தி, 12வது பிரெட், ஆள்காட்டி விரல்.
முதல் தந்தி, 17வது பிரெட், சுண்டு விரல்.

மூன்று விரல்களையும் கார்டு போல ஒரே நேரத்தில் வைத்து அழுத்தாதீர்கள். பழக்கதோஷத்தில் கை அதைத்தான் செய்யும். மோதிர விரலை மட்டும் வையுங்கள், அடியுங்கள். நடுவிரல் இரண்டாவது தந்தியில் இறங்கும் அதே கணத்தில் மோதிர விரல் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். விரல் தந்தியை விட்டு எழக் கூடாது. எழுந்தால் திறந்த தந்தி முனகும். தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. தூங்கும் குழந்தையின் மேல் கை வைத்திருப்பது போல. அடுத்து ஆள்காட்டி விரல் இறங்கும்போது நடுவிரல் தளர வேண்டும். இந்த ஒரு சங்கதிக்கு நீங்கள் ஒரு வாரம் கொடுத்தாலும் தகும். மெட்ரோநோம் வேண்டாம், வேகம் வேண்டாம். ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் நின்று, முந்தைய தந்தி உண்மையிலேயே அமைதியாகிவிட்டதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

சரி, வாசித்துக் கடந்த தந்திகளை இப்படி அடக்கியாயிற்று. இன்னும் தொடாத தந்திகள்? அவையும் அதிரும், குறிப்பாக ஆம்பில் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பு, இருந்தால். கைவசம் இரண்டு காவலாளிகள் உண்டு. வலது உள்ளங்கையின் ஓரம், சுண்டு விரலுக்குக் கீழே இருக்கும் சதை, தடித்த தந்திகள் மேல் சும்மா படுத்திருக்கட்டும். பிக் கீழே இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கி, முடிந்துபோன தந்திகளை மூடிக்கொண்டே வரும். மெல்லிய தந்திகளுக்கு இடது ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம். அதை விறைப்பாக நிமிர்த்தாமல் கொஞ்சம் படுக்க வைத்தால் கீழே உள்ள தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

டிஸ்டார்ஷன் பற்றி ஒரு வார்த்தை. அது சத்தத்தின் ஏற்றத்தாழ்வை நசுக்கிச் சமமாக்கிவிடும், அதனால் உங்கள் அடி சீராக இல்லாவிட்டாலும் தெரியாது. அதே டிஸ்டார்ஷன் அடக்காத தந்தியைப் பூதமாக்கிக் காட்டும். டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் சத்தம் இதற்கு நேர் எதிர். ஆகவே இரண்டிலும் பழகுங்கள்: முதல் பத்து நிமிடம் கிளீன், அடுத்த பத்து நிமிடம் டிஸ்டார்ஷன். ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

தகிட தகிட

வடிவம் கையில் நின்றதும் அதைச் சுற்றாக்குவோம். 14, 13, 12 என்று மூன்று தந்தியும் கீழ்நோக்கி ஒரே இறக்கம். நாலாவது சுரம் 17, சுண்டு விரலால் குத்தி ஒலிக்க வைக்கும் ஹேமர் ஆன், பிக் கிடையாது. ஐந்தாவது, சுண்டு விரலைப் பறித்து மறுபடி 12, புல் ஆஃப். ஆறாவது, இரண்டாவது தந்தி 13, மேல்நோக்கி ஒரே ஓர் அடி. அப்புறம் மறுபடி மூன்றாவது தந்தியில் தொடக்கம். பிடித்த பகுதி தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், அந்த மேல்நோக்கிய அடியில் பிக் தானாகவே தந்திகளை விட்டு வெளியே எழும்பும். மூன்றாவது தந்தியைத் தாண்டி அதன் மேல் போய் நிற்பது அதனால் சுலபம். ஆரம்பக்காரர்களுக்கு நான் இந்தச் சுற்றைச் சொல்வதற்குக் காரணமே அதுதான், சாய்வை மாற்ற வேண்டிய தலைவலி இதில் இல்லை.

ஆறு சுரம். வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்: தகிட, தகிட. மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரம்தான். மிருதங்கம் படிக்காதவர்களுக்கும் நம் ஊரில் இது காதில் ஊறியிருக்கும். ஆங்கிலப் பாடங்களில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். எண்கள் நாக்கில் ஒரே நீளத்தில் விழாது, தகிட விழும்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாவது தகிடவின் 'த' எங்கே விழுகிறது? 17வது பிரெட்டில், அதாவது பிக் படாத சுரத்தில். தாளத்தில் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் கையின் மிகப் பலவீனமான விரல் நிற்கிறது. எல்லாருடைய ஸ்வீப்பும் சரியும் முதல் இடம் இதுவே. சுண்டு விரலை மட்டும் தனியாக எடுத்து 12, 17, 12, 17 என்று தினமும் ஐந்து நிமிடம் குத்திப் பறியுங்கள். பிக் அடித்த சுரமும் குத்திய சுரமும் ஒரே சத்தத்தில் கேட்கும் வரை.

எவ்வளவு வேகம்

மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சுரம். இது எறும்பு ஊர்வது போல இருக்கும், இருக்கட்டும். அது சுத்தமானால் ஒரு தட்டுக்கு மூன்று, ஒரு தகிட. அதுவும் சுத்தமானால் ஒரு தட்டுக்கு ஆறு. கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாட வைப்பார்களே, அதே முறைதான். தட்டு மாறாது, உள்ளே சுரங்கள் பெருகும். எண்ணை 60, 64, 68 என்று ஏற்றிக்கொண்டே போவதைவிட இது மேல் என்பது என் அனுபவம், ஏனென்றால் மேல்காலம் போய்த் திரும்பி முதல் காலத்துக்கு வரும்போது அது பிரமாதமாக மெதுவாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் விரலில் இருக்கும் அழுக்கெல்லாம் கண்ணில் படும்.

இரண்டு நாள் ஆறு சுரம் வராவிட்டால் மூன்றுக்கே திரும்பி, அங்கே 60ஐ 64 ஆக்குங்கள். அடுத்த படிக்குப் போகலாமா என்பதற்கு என் சோதனை ஒன்றுதான்: தொடர்ந்து பத்து சுற்று, போனில் பதிவு, கண்ணை மூடிக் கேட்டால் ஒரு சுரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஒன்பது சுற்று சரியாக வந்தாலும் படி ஏற்றாதீர்கள்.

நான் அம்மாபேட்டையில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் தறி ஓடும். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் சடக் சடக் என்று ஒரே காலப்பிரமாணம். மெட்ரோநோம் இல்லாமலே பழக முடிந்தது. அவர்கள் நூல் அறுந்து நிறுத்தினால் நானும் நிறுத்துவேன், கைக்கும் ஓய்வு கிடைக்கும். இப்போது போனில் இருக்கும் மெட்ரோநோம் செயலிக்கு நூல் அறுவதே இல்லை, அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நீங்களாக நிறுத்த வேண்டும்.

அடுத்த இரண்டு வடிவங்கள்

ஏ மைனர் சலித்த பிறகு, 'அதிசய ராகம்' நினைவிருக்கிறதா? 1975இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் யேசுதாஸ் பாடியது. பாட்டின் பெரும்பகுதி மஹதி ராகம், பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கியது. நாலே சுரம்: ஸ, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். கிட்டார்காரர் கண்ணில் இது அப்படியே ஒரு செவன்த் கார்டின் ஆர்பெஜியோ. மூன்றாவது தந்தி 14, இரண்டாவது தந்தி 14, முதல் தந்தி 12, பிறகு 15. அடித்துப் பாருங்கள், ஸ க ப நி. சுண்டு விரலை 15இலிருந்து 17க்குச் சறுக்கினால் மேல் ஷட்ஜமம். மேற்கத்திய ஆர்பெஜியோ நம் காதுக்கு அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

இங்கே இரண்டு தந்தியிலும் 14 வருகிறது. மூன்றாவதில் நடுவிரல், இரண்டாவதில் மோதிர விரல் என்று தனித்தனியாக வைத்தால் போதும்.

மற்றொன்று டிமினிஷ்ட் என்னும் கார்டு வகை. மூன்றாவது தந்தி 11, இரண்டாவது 10, முதல் தந்தி 8, பிறகு 11. இதன் அழகு என்னவென்றால், அப்படியே மூன்று பிரெட் மேலே நகர்த்தினால் அதே நாலு சுரங்கள் வேறு வரிசையில் கிடைக்கும். மறுபடி மூன்று, மறுபடி அதே சுரங்கள். ஒரே வடிவத்தைக் கற்றுக்கொண்டு கழுத்து முழுக்க ஏறலாம். பேய்ப்படத்தில் கதவு திறக்கும்போது வரும் ஒலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து தந்தி, அங்கே வரும் திருப்பம்

மூன்று தந்தி மூன்று மாதமாவது ஆகட்டும், அப்புறம் இங்கே வாருங்கள். ஏ மைனர்தான் மறுபடியும். ஐந்தாவது தந்தி 12, அதிலேயே 15 (ஹேமர் ஆன்), நாலாவது 14, மூன்றாவது 14, இரண்டாவது 13, முதல் தந்தி 12, பிறகு 17. போய்த் திரும்பினால் பன்னிரண்டு சுரம், நாலு தகிட.

நாலாவது, மூன்றாவது தந்திகளில் அடுத்தடுத்து 14 இருக்கிறது, இரண்டுக்கும் மோதிர விரல் ஒன்றே. விரலைப் படுக்க வைத்து இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கார்டாகிவிடும், கொலுசு கொட்டிவிடும். நாலாவது தந்தியை விரல் நுனியால் அழுத்தி, பிறகு விரலின் முதல் கணுவை மெதுவாகத் தட்டையாக்கி மூன்றாவது தந்திக்குச் சாய வேண்டும். சாயும்போது நுனி நாலாவது தந்தியில் தளர்ந்துவிடும். திரும்பும்போது எதிர்ப்பக்கம், தட்டையிலிருந்து நுனிக்கு. சப்பாத்திக் கட்டை உருள்வது போல. இதை மட்டும் இரண்டு தந்தியில் தனியாக எடுத்துப் பழகுங்கள்.

அப்புறம் உச்சச் சுரத்தில் வரும் திருப்பம். அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஓட்டுநர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வளைவுக்குள் போன பிறகு கியரைத் தேட மாட்டார்கள், முன்னாலேயே குறைத்துக்கொண்டுதான் நுழைவார்கள். ஸ்வீப்பிலும் தப்பு நடப்பது முதல் தந்தியில், 17ஐக் குத்தி 12க்குத் திரும்பும் அந்த இடத்தில். இறங்கி வந்த வேகத்தில் பிக் முதல் தந்தியைத் தாண்டி நாலு அங்குலம் கீழே போய்விடும், திரும்பி வர நேரம் பிடிக்கும், அதை ஈடுகட்ட மேல்நோக்கி அவசரமாக வாருவோம். முதல் தந்தியை அடித்ததும் பிக் அங்கேயே நிற்கட்டும். இடது கை குத்தி, பறிக்கும் அந்த இரண்டு சுர நேரத்தில் வலது கைக்கு ஒரே வேலைதான்: சாய்வை மாற்றிக்கொண்டு காத்திருப்பது. இந்த வடிவத்தில் சாய்வு மாற்றாமல் தப்பிக்க முடியாது.

போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் பிக் எவ்வளவு தூரம் ஓடிப்போகிறது என்று தெரியும். எனக்கு முதல் தடவை பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

யாரைக் கேட்பது

வெறும் பயிற்சி மட்டும் செய்தால் ஸ்வீப் உடற்பயிற்சியாகவே நின்றுவிடும். ஆனால் யார் வேகமாக வாசிக்கிறார் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியோடு போங்கள்.

இது ஹெவி மெட்டல் ராக் வாசிப்பவர்களின் கண்டுபிடிப்பு என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 1950களிலேயே லெஸ் பால், செட் அட்கின்ஸ், டால் ஃபார்லோ, பார்னி கெஸல் என்று ஜாஸ் பக்கமும் அதை ஒட்டியும் வாசித்தவர்கள் இதைக் கையாண்டிருக்கிறார்கள். 70களில் ஃபோகஸ் குழுவின் யான் ஆக்கர்மன், டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர், ஜெனிசிஸின் ஸ்டீவ் ஹாக்கெட் என்று ராக் பக்கம் வந்தது. டால் ஃபார்லோவை டிஸ்டார்ஷன் இல்லாத ஒலியில் கேளுங்கள். கிளீனில் சுரங்கள் எவ்வளவு வட்டமாக விழ முடியும் என்பது அப்போது புரியும்.

ஆஸ்திரேலியாக்காரர் ஃபிராங்க் கம்பாலே 80களில் இதை ஒரு முழு முறையாகவே ஆக்கினார். ஆர்பெஜியோ மட்டுமல்லாமல் ஸ்கேல்களையும் அவர் ஸ்வீப்பில் வாசிப்பார். ஒரு தந்தியில் ஒற்றைப்படையில் சுரம் வைத்தால் பிக் அடுத்த தந்திக்கு அதே திசையிலேயே போகலாம் என்பது அதன் சூட்சுமம். ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கொரியாவின் எலெக்ட்ரிக் பேண்டில் அவர் வாசித்ததைக் கேளுங்கள். பியானோவின் ஓட்டத்துக்குக் கிட்டார் ஈடுகொடுப்பது தெரியும்.

ஸ்வீடனைச் சேர்ந்த இங்வே மால்ம்ஸ்டீனின் 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பம் 1984இல் வந்தது. நாம் மேலே பார்த்த மூன்று தந்தி மைனர், டிமினிஷ்ட் வடிவங்கள் அவர் வாசிப்பில் கொட்டிக் கிடக்கும். அவரைக் கேட்டுவிட்டு அவர் யாரைக் கேட்டார் என்று போங்கள்: வயலின் மேதை பகனினி. அவருடைய 24 கேப்ரிஸ்களில் (தனி வயலினுக்கான உருப்படிகள்) ஐந்தாவதன் தொடக்கத்தில் வயலின் ஆர்பெஜியோவாக ஏறி இறங்கும். கிட்டார்காரர்கள் வயலினைப் பார்த்துப் பொறாமைப்பட்டதன் விளைவுதான் பாதி ஸ்வீப் பிக்கிங் என்று எனக்குத் தோன்றும். டோனி மெக்அல்பைன் பியானோ முறையாகக் கற்றவர், 1987இல் வந்த 'மேக்ஸிமம் செக்யூரிட்டி' கேட்டால் அந்தப் பயிற்சி கிட்டாரிலும் ஒலிக்கும்.

ஒரே ஒருவரைத்தான் கேட்க நேரம் என்றால், ஜேசன் பெக்கர். மார்ட்டி ஃபிரீட்மனோடு ககாஃபனி குழுவில் வாசித்தவர். 1988இல் 'பெர்பெச்சுவல் பர்ன்' வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதில் 'ஆல்டிட்யூட்ஸ்' கேளுங்கள். வேகத்தைப் பாராமல், ஸ்வீப்புக்கு முன்னும் பின்னும் அவர் எப்படி மெட்டைப் பாடவிடுகிறார் என்று பாருங்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோய் அவர் கைகளையும் குரலையும் எடுத்துக்கொண்டது. கண் அசைவால் எழுத்துகளைச் சொல்லும் முறை ஒன்றை அவர் அப்பா உருவாக்கித் தந்தார். அதை வைத்து அவர் இசையமைத்துக்கொண்டே இருந்தார், 2018இல் 'டிரையம்ஃபன்ட் ஹார்ட்ஸ்' ஆல்பம் வந்தது.

இப்போதைய ஒலி வேண்டுமென்றால் அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் குழுவின் டோசின் அபாசி, எட்டு தந்தி கிட்டார், முதல் ஆல்பம் 2009. எதைக் கேட்டாலும் யூடியூபில் வேகத்தை 0.5க்குக் குறைத்து இன்னொரு தடவை கேளுங்கள். நல்ல ஸ்வீப் பாதி வேகத்திலும் முத்து முத்தாகவே இருக்கும்.

கடைசிச் சுரத்தில் நில்லுங்கள்

நம் காதுக்கு ஸ்வீப் ஏன் சில நேரம் வெறுமையாகப் படுகிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். இதில் கமகம் இல்லை. சுரங்கள் படிக்கட்டு போல நிற்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதில்லை. இதற்கு மறுகரையில் பிரசன்னாவைக் கேளுங்கள். சென்னை ஐஐடியில் படித்து, பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த கிட்டார் கலைஞர், கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் வாசிப்பவர். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்றொரு ஆல்பம் செய்தார். ஒரே தந்தியில் ஒரு சுரத்தை அவர் எத்தனை விதமாக அசைக்கிறார் என்று கேட்டுவிட்டு உங்கள் ஸ்வீப்புக்குத் திரும்புங்கள்.

நான் செய்வது இது: மேலே ஏறி 17இல் முடியும்போது உடனே திரும்பாமல் அங்கேயே நிற்பேன். தந்தியை ஒரு பிரெட் அளவு மெதுவாக வளைத்து, இறக்கி, அசைத்து, அப்புறம்தான் கீழே. சுண்டு விரலுக்கு வளைக்கத் தெம்பு போதாது, மோதிர விரலையும் பின்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடி வந்ததெல்லாம் அந்த ஒரு சுரத்தில் நிற்பதற்காகத்தான் என்று கேட்பவருக்குத் தோன்றினால் வாசிப்பு தேறியது என்று அர்த்தம்.

வலியைப் பற்றி: விரல் நுனி எரிவது பரவாயில்லை. மணிக்கட்டிலோ முழங்கைக்குக் கீழேயோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். 12க்கும் 17க்கும் இடையில் விரிக்க முடியாதவர்கள் கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுவுக்கு இறக்கினால் கை விரியும். கிட்டாரை வலது தொடைக்குப் பதில் இடது தொடையில் வைத்துக்கொண்டாலும் மணிக்கட்டு நேராகும். பார்க்க ஸ்டைலாக இருக்காது.

போன மாதம் அதே நண்பன் வீட்டுக்கு வந்தான். ஏ மைனர், மூன்று தந்தி, 60இல் தகிட. வேறு எதுவும் வாசிக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான். "இப்ப முத்து முத்தா கேக்குது," என்றான். அப்புறம், "நாலாவது முத்து மட்டும் கொஞ்சம் அமுங்குது, பாத்துக்க."

சுண்டு விரல்தான். இன்னும் தினமும் ஐந்து நிமிடம் 12, 17 குத்திக்கொண்டிருக்கிறேன்.